லூக் கீக்லியின் முதல் அடி: ஒரு லைன்பேக்கரைப் பார்த்த நாட்குறிப்பு

2011 நவம்பர் 26, சனி

நேற்று மயாமியில் நடந்த அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தில் பாஸ்டன் காலேஜ் 24-17 என்று ஜெயித்தது. அதோடு சீசனும் முடிந்தது: 4 வெற்றி, 8 தோல்வி, சீசன் முடிந்தபின் நல்ல அணிகளுக்குக் கிடைக்கும் பௌல் ஆட்டம் கிடையாது. அணியைப் பற்றி எழுத மனசில்லை, அதன் லைன்பேக்கர், அதாவது தடுப்பாட்டத்தின் இரண்டாம் வரிசைக்காரர், லூக் கீக்லியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். மயாமியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜாக்கோரி ஹாரிஸ் எறிந்த பந்தைப் பறித்துக்கொண்டு 45 யார்டு ஓடி டச்டவுன் போட்டாரே, அந்த ஒரு பிளேயை மட்டும் நேற்று ராத்திரி திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நான் பார்த்தது அவர் ஓடியதை அல்ல. பந்து வருவதற்கு முன்னால் அவர் எங்கே நின்றார், கண் எங்கே இருந்தது, எப்போது நகர்ந்தார் என்பதைத்தான்.

பிரைட்டனில் நான் இருக்கும் தெருவிலிருந்து அலும்னி ஸ்டேடியத்துக்கு நடந்தே போய்விடலாம். மூன்று வருடமாக இந்த 40ஆம் நம்பர் சட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவர் மேலே, என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்குக்குப் போனால் நிற்பாரா என்ற கேள்விக்கு ரசிகனாக இல்லாமல் பதில் தேட வேண்டும். பதிவு செய்து வைத்த ஆட்டங்கள் இருக்கின்றன. என்எஃப்எல் அணிகள் கல்லூரி ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஏப்ரலில்தான், நேரம் இருக்கிறது.

2011 டிசம்பர் 14, புதன்

பட்கஸ், நகர்ஸ்கி, லொம்பார்டி, லாட். கல்லூரியில் ஒரு தடுப்பாட்டக்காரர் வாங்கக்கூடிய பெரிய விருதுகளில் நான்கு ஒரே சீசனில் வந்துவிட்டன. எல்லோரும் டேக்கிள் (பந்தோடு வருபவரைத் தரையில் சாய்ப்பது) கணக்கைச் சொல்கிறார்கள்: முதல் வருடம் 158, அடுத்து 183, இந்த வருடம் 191. மூன்றே வருடத்தில் 532. நார்த்வெஸ்டர்னின் டிம் மெக்கரிகிள் நான்கு வருடம் ஆடி 545 எடுத்தார், இவர் நான்காவது வருடமும் ஆடினால் அந்தக் கணக்கு தூள்தூளாகிவிடும்.

ஆனால் இந்த எண்ணை வைத்து மட்டும் நான் ஒரு முடிவுக்கும் வரமாட்டேன். கல்லூரி ஆட்டத்தில் டேக்கிளை எண்ணுவது அந்தந்த மைதானத்தின் கணக்கெடுக்கும் ஆட்கள், ஒருவர் கை தாராளம், இன்னொருவர் கை இறுக்கம். அதைவிட முக்கியம், டேக்கிள் எங்கே நடந்தது என்பது. ஸ்னாப் ஆன, அதாவது பந்து ஆட்டத்துக்கு எடுக்கப்பட்ட, கோட்டிலேயே மடக்கினால் ஒரு கதை, எட்டு யார்டு விட்டுக்கொடுத்துவிட்டுக் காலைப் பிடித்தால் வேறு கதை. இரண்டுக்கும் தாளில் ஒரே ஒரு கோடுதான். இன்னொன்று, தோற்கும் அணியின் தடுப்புக்காரர்கள் அதிக நேரம் களத்தில் நிற்கிறார்கள், எதிரணி முன்னிலையில் இருந்துகொண்டு ஓடிக்கொண்டே இருக்கிறது, டேக்கிள் தானாக ஏறும்.

பட்கஸ் விருது என்றதும் ஆரோன் கரி ஞாபகம் வருகிறது. 2008இல் வேக் ஃபாரஸ்டிலிருந்து, பாஸ்டன் காலேஜ் ஆடும் இதே ஏசிசி கல்லூரிப் பிரிவிலிருந்து, இதே விருது. அந்த டிராஃப்டில் இவரைவிட ஆபத்தில்லாத ஆள் யாருமில்லை என்றார்கள். சியாட்டில் நான்காவது இடத்தில் எடுத்தது. இந்த அக்டோபரில் அவரை ஓக்லாந்துக்குத் தள்ளிவிட்டார்கள். உடம்பு இருந்தது, வேகமும் இருந்தது. என்ன இல்லாமல் போனது?

2012 ஜனவரி 15, ஞாயிறு

முன்கூட்டியே டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்க இன்று கடைசி நாள். லூக் ஏற்கெனவே கொடுத்துவிட்டார். சரியான முடிவு. இதற்குமேல் கல்லூரியில் நிரூபிக்க ஒன்றுமில்லை, முட்டி ஒருமுறை போனால் கோடிகள் போய்விடும்.

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் முன்னொரு காலத்தில் பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் ஒரு வழி சொன்னார்: பந்தைப் பார்க்காதே, லைன்பேக்கரின் காலையும் எதிரே நிற்கும் கார்டின் காலையும் மட்டும் பார், மற்றதை மறந்துவிடு. கார்ட் என்பவர் சென்டருக்கு இரு பக்கமும் நிற்கும் கனத்த ஆட்கள். அவர் முன்னால் எட்டி வைத்தால் ஓட்டம், பின்னால் நகர்ந்தால் பாஸ், பக்கவாட்டில் கிளம்பி ஓடினால் ஓட்டம் அந்தத் திசையில். இதைப் படிக்க லைன்பேக்கருக்கு அரை வினாடிகூடக் கிடைக்காது.

இரண்டு வாரமாக அப்படித்தான் பார்க்கிறேன், ஒவ்வொரு பிளேயையும் ஸ்னாப்பில் நிறுத்தி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி. மனைவி வந்து "இன்னைக்கும் அதே ஆட்டமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதே ஆட்டம்தான். மற்ற ஆட்களின் முதல் அடி பல நேரம் பொய்யான அடி, பின்னால் ஒன்று வைத்துவிட்டு, அப்புறம் சரியான திசைக்குத் திரும்புவார்கள். லூக்கின் முதல் அடி அநேகமாக எப்போதும் சரியான பக்கம். சின்ன அடி, ஒரு அடி நீளம்கூட இருக்காது. பாதங்கள் தரையை விட்டு அதிகம் எழும்புவதில்லை, தோள் ஸ்க்ரிம்மேஜ் கோட்டுக்கு (ஸ்னாப் ஆகும் கோடு) நேராகவே இருக்கிறது. பக்கத்தில் ஆடுபவர் இன்னும் முடிவெடுத்துக்கொண்டிருக்கும்போது இவர் இரண்டாவது அடியில் இருக்கிறார்.

கரியிடம் இல்லாதது இதுதான் என்று தோன்றுகிறது. அவர் பார்த்தபின் பறந்தார், ஆனால் பார்ப்பதற்கே நேரமானது.

2012 பிப்ரவரி 6, திங்கள்

நேற்று என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் ஜயன்ட்ஸ் 21, பேட்ரியாட்ஸ் 17. ஊரே துக்க வீடு மாதிரி இருக்கிறது, காலையில் ரயிலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எனக்கு மட்டும் ஒரு சந்தோஷம் இருக்கிறது, இங்கே சொல்லிவிடுகிறேன். ஜயன்ட்ஸின் மார்க் ஹெர்ஸ்லிக்குக்கு சாம்பியன் மோதிரம் கிடைக்கப்போகிறது. பாஸ்டன் காலேஜ் லைன்பேக்கர், 2008இல் ஏசிசியின் சிறந்த தடுப்பாட்டக்காரர். 2009 மே மாதம் தொடை எலும்பில் யூவிங் சார்கோமா என்ற புற்றுநோய். அந்த வருடம் அவர் ஆடமுடியாமல் போனபோதுதான் புதுப் பையனாக லூக் வந்து 158 டேக்கிள் எடுத்தார். ஹெர்ஸ்லிக் காலில் டைட்டானியம் கம்பியோடு 2010இல் திரும்பி வந்து லூக் பக்கத்திலேயே ஆடினார். போன ஏப்ரலில் ஏழு ரவுண்டிலும் ஒருவரும் எடுக்கவில்லை. ஜயன்ட்ஸ் டிராஃப்டுக்கு வெளியே சேர்த்துக்கொண்டது. 32 அணிகளின் ஸ்கவுட்களும் பார்த்து, வேண்டாம் என்று சொன்ன ஆள்.

2012 பிப்ரவரி 27, திங்கள்

இண்டியானாபொலிஸ் கம்பைன், டிராஃப்டுக்கு முன் ஆட்டக்காரர்களின் உடல்திறனைச் சோதிக்கும் நிகழ்ச்சி. இன்று லைன்பேக்கர்கள் முறை. லூக்: உயரம் 6 அடி 3 அங்குலம், எடை 242 பவுண்டு, 40 யார்டு ஓட்டம் 4.58 வினாடி, 225 பவுண்டு பாரத்தை 27 முறை தூக்கினார், நின்ற இடத்திலிருந்து 38 அங்குலம் எம்பினார்.

இவ்வளவு நாள் இவரைப் பற்றிச் சொல்லப்பட்டதெல்லாம் "புத்திசாலி, உழைப்பாளி, ஆனால் உடல்திறன் சுமார்" என்பதுதான். வெள்ளைக்காரப் பையன் லைன்பேக்கராக இருந்தால் இந்த முத்திரை தானாக ஒட்டிக்கொள்கிறது, கறுப்பினப் பையன் என்றால் "இயற்கையான வேகம்" என்று இன்னொரு முத்திரை. இரண்டுமே சோம்பேறித்தனமான பார்வை, எனக்கு இரண்டின் மேலும் கோபம் உண்டு. இன்றைய எண்கள் முதல் முத்திரையையாவது கிழித்துப்போட்டன.

எனக்கு 40 யார்டைவிட முக்கியம் 20 யார்டு ஷட்டில், அதில் 4.12. மூன்று கூம்புகளைச் சுற்றி ஓடும் சோதனையில் 6.92. லைன்பேக்கர் 40 யார்டு நேராக ஓடுவது எப்போதாவது ஒருமுறைதான். ஐந்து யார்டு ஓடி, நின்று, திரும்பி, இன்னொரு ஐந்து யார்டு, அதுதான் அவருடைய அன்றாடப் பிழைப்பு. கலிஃபோர்னியாவின் மைக்கல் கென்ட்ரிக்ஸ் 4.47 ஓடினார், அதுவும் கண்ணைப் பறிக்கிற வேகம். அரிசோனா ஸ்டேட்டின் வான்டேஸ் பர்ஃபிக்ட் 5 வினாடிக்கு மேல், இன்று அவருக்கு மோசமான நாள். யூட்டா ஸ்டேட்டின் பாபி வாக்னர் நிமோனியாவால் வரவே முடியவில்லை.

2012 மார்ச் 18, ஞாயிறு

புகழ்ந்தது போதும், இன்று குறை மட்டும்.

கார்ட் நேராக வந்து மோதிவிட்டால் லூக் சிக்கிக்கொள்கிறார். கையை நீட்டி எதிரியின் மார்பில் வைத்து, உதறிவிட்டு வெளியே வருவதுதான் ப்ளாக்கைக் கழற்றும் வித்தை. இவருக்குக் கை நீளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, கையைப் பயன்படுத்துவதிலும் இன்னும் பழக்கம் போதாது. அதனால் ப்ளாக்கைச் சுற்றிப் போகப் பார்க்கிறார். சுற்றிப் போய் டேக்கிள் கிடைத்தாலும் நான்கு யார்டு போயிருக்கும். பாஸ்டன் காலேஜில் இவருக்கு முன்னால் நிற்கும் கோடு பலவீனமானது, கார்ட்கள் தாராளமாக இரண்டாம் அடுக்குக்கு வந்துவிடுகிறார்கள், அதையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஆனாலும் குறை குறைதான். அலபாமாவின் டான்டா ஹைடவர் இந்த இடத்தில் இவரைவிட எவ்வளவோ மேல், 260 பவுண்டுக்கு மேல், கார்ட் வந்தால் கார்டைத்தான் நகர்த்துவார்.

இரண்டாவது, குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து சாய்ப்பது. அதை லூக் அதிகம் செய்ததில்லை. ஒன்பது, பத்தாவது இடத்தில் எடுக்கும் அணி பொதுவாக அப்படிப்பட்ட ஆளைத்தான் கேட்கும். "மிடில் லைன்பேக்கருக்கு இவ்வளவு பெரிய விலையா?" என்ற கேள்வி நியாயமானது. பாஸ் பெருத்துப்போன இன்றைய ஆட்டத்தில், ஓட்டத்தை மட்டும் தடுக்கும் லைன்பேக்கர் மூன்றாவது டவுனில் (நான்கு முயற்சிகளில் மூன்றாவது, பெரும்பாலும் பாஸ்) வெளியே போய் உட்காருகிறார்.

என் பதிலும் அங்கேதான் இருக்கிறது. லூக் வெளியே போகமாட்டார். பாஸ் வாங்க ஓடும் டைட் எண்டோடு ஓடுகிறார், பந்தை எடுத்து ஓடும் ரன்னிங் பேக்கை மறிக்கிறார், தன் பகுதியைக் காக்கும் ஸோனில் பின்வாங்கும்போது குவார்ட்டர்பேக்கின் கண்ணைப் படிக்கிறார். கல்லூரியில் ஏழு இன்டர்செப்ஷன், எதிரணி எறிந்த பந்தை ஏழு முறை பறித்தார். இன்றைய என்எஃப்எல்லில் இந்த இடத்துக்கு மதிப்பே அதுதான்.

2012 ஏப்ரல் 20, வெள்ளி

இன்று லூக்குக்கு 21 வயது. என் கடைசி வரிசையை எழுதி வைக்கிறேன், பின்னால் மாற்றமாட்டேன்: கீக்லி, ஹைடவர், கென்ட்ரிக்ஸ், நெப்ராஸ்காவின் லவான்டே டேவிட், வாக்னர். டேவிடை உடம்பு சிறியது என்பதற்காகக் கீழே வைத்தேன், மனசு ஒப்பவில்லை. வாக்னர் ஆட்டம் போதுமான அளவு பார்க்கக் கிடைக்கவில்லை, அதனால் கடைசி.

லூக்குக்கு என் மதிப்பீடு: முதல் பத்துக்குள் எடுக்கலாம், முதல் வருடமே எல்லா டவுனும் ஆடுவார், சான் ஃபிரான்சிஸ்கோவின் பேட்ரிக் வில்லிஸ் மாதிரி வரக்கூடியவர். 2007இல் 11ஆவதாகப் போன வில்லிஸ் முதல் வருடமே லீக்கில் அதிக டேக்கிள் எடுத்தார்.

2012 ஏப்ரல் 26, வியாழன், நள்ளிரவு

ஒன்பதாவது இடம், கரோலைனா பேந்தர்ஸ்!

பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் ஆச்சரியமான தேர்வு. அந்த அணிக்கு முன்கோட்டில் ஆள் தேவை, மிஸிஸிப்பி ஸ்டேட்டின் ஃப்ளெட்சர் காக்ஸ் அப்போது கையெட்டும் தூரத்தில் இருந்தார். லைன்பேக்கரில் ஜான் பீசன் இருக்கிறார், தாமஸ் டேவிஸ் இருக்கிறார். ஆனால் பீசன் போன சீசன் முதல் ஆட்டத்திலேயே அகிலிஸ் என்ற குதிகால் தசைநார் அறுந்து உட்கார்ந்தவர், டேவிஸ் ஒரே முழங்காலில் மூன்றாவது முறை ஏசிஎல் என்ற இணைப்பு நார் போனவர். பயிற்சியாளர் ரான் ரிவேரா 1985 சிகாகோ பேர்ஸில் லைன்பேக்கராக இருந்தவர். லைன்பேக்கரை எப்படிப் பார்ப்பது என்று நான் அவருக்குச் சொல்லவேண்டியதில்லை.

எனக்கு ஒரே கவலை, பீசன் நடுவில் ஆடினால் லூக்கை ஓரத்தில் நிறுத்துவார்கள். நடுவில் நின்றால்தான் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தெரியும். இவருடைய பலமே அந்தப் பார்வைதான்.

2012 அக்டோபர் 22, திங்கள்

பயந்ததே நடந்தது. சீசன் தொடக்கத்தில் லூக்கை வீக் சைடு என்ற ஓரத்தில் நிறுத்தினார்கள். நான் பார்த்த லூக் அவர் இல்லை. முதல் அடியில் தயக்கம், ஆட்டம் கண்ணுக்கு முன்னால் ஓடுவதற்குப் பதில் பக்கவாட்டில் ஓடுகிற மாதிரி. என் நோட்டில் "தப்பாகப் பார்த்துவிட்டேனோ" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

பீசனுக்கு மறுபடி காயம், சீசன் முடிந்தது. வருத்தமான விஷயம், நல்ல ஆட்டக்காரர். லூக் நடுவுக்கு வந்துவிட்டார். நேற்று டல்லாஸிடம் 19-14 என்று தோற்றார்கள், ஆறு ஆட்டத்தில் ஒரே வெற்றி. லூக்கைத் தேர்ந்தெடுத்த பொது மேலாளர் மார்ட்டி ஹர்னியை இன்று வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவர் செய்த கடைசி முதல்-ரவுண்டுத் தேர்வு நேற்று களத்தில் என்ன செய்தார் என்று யாராவது அவரிடம் சொல்லியிருக்கவேண்டும். அந்தச் சின்ன அடி திரும்பி வந்துவிட்டது, பழையபடி சரியான பக்கம்.

2012 டிசம்பர் 31, திங்கள்

நேற்று நியூ ஆர்லியன்ஸில் 44-38. கடைசி நான்கு ஆட்டமும் ஜெயித்து 7-9 என்று முடித்தார்கள். லூக் 164 டேக்கிள், லீக்கிலேயே முதலிடம், புதுமுகமாக இருந்துகொண்டு.

டேக்கிள் எண்ணிக்கையை நம்பமாட்டேன் என்று போன டிசம்பரில் எழுதினேன், இப்போதும் அதே நிலைதான். அதனால் காலையில் கடைசி இரண்டு ஆட்டத்தையும் போட்டு, பழைய மாதிரி ஸ்னாப்பில் நிறுத்திப் பார்த்தேன். கார்ட் வந்து மோதும்போது இப்போதும் சில நேரம் மாட்டுகிறார். ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்கே கார்டுக்கு நேரம் கிடைப்பதில்லை, லூக் ஏற்கெனவே இடைவெளிக்குள் நிற்கிறார். மார்ச்சில் இதை நான் யோசிக்கவில்லை.

இன்னொன்றும் எழுதவேண்டும். கடைசியில் வைத்தேனே, பாபி வாக்னர், சியாட்டில் இவரை 47ஆவதாக எடுத்தது. சிறியவர் என்று இறக்கிய லவான்டே டேவிட், டாம்பா 58ஆவதாக எடுத்தது. இரண்டு பேரும் ஆளுக்கு 140 வாக்கில் டேக்கிள், இரண்டு பேரும் எல்லா டவுனும் களத்தில். என் ஏப்ரல் வரிசையை மாற்றமாட்டேன் என்று சொல்லியிருந்தேன், மாற்றவில்லை, பக்கத்திலேயே இந்த வரியை எழுதி வைக்கிறேன். நாளை விடுமுறை. சியாட்டில் ஆட்டங்கள் நான்கு பதிவில் இருக்கின்றன, வாக்னரின் காலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.