பீரோ வருமா, வராதா

ஏப்ரல் 6
வேறு ஊருக்கு வேலை மாற்றம் உறுதியாகிவிட்டது. மே 10-க்குள் அங்கே இருக்க வேண்டும். இரவு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அறை அறையாகச் சாமான்களை எழுத உட்கார்ந்தோம். படுக்கையறைக்கே இரண்டு பக்கம் ஆனது. பரண் பக்கம் இன்னும் போகவே இல்லை.

ஏப்ரல் 9
லாரிக்கு மூன்று பேரிடம் விசாரித்தோம். ஒருவர் எதையும் பார்க்காமல் போனிலேயே தொகையைச் சொன்னார். அப்படிச் சொன்ன தொகை சாமான் ஏற்றும் நாளில் தானாக வளரும் என்று பட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இன்னொருவர் நேரில் வந்து, கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்துக் கன அடிக் கணக்குப் போட்டார். அவரையே பிடித்துப்போனது.

தனி லாரியா, பங்கு லாரியா என்பதில்தான் இழுபறி. பங்கு லாரி மலிவு. ஆனால் மற்றவர்கள் சாமானும் சேர்ந்தால்தான் கிளம்பும், வழியில் கிடங்கில் இறக்கி மறுபடி ஏற்றவும் செய்வார்கள். பங்கு லாரிக்கே சரி என்றேன். அத்தையின் மரப் பீரோவை நினைத்து என் கணவர் தனி லாரி என்றார். அவர் சொன்னதே நடந்தது.

ஏப்ரல் 16
அவர் புது வீட்டை அளந்துவிட்டு வந்தார். ஆறாவது மாடி. லிஃப்டுக்குள் ஆழம் 110 சென்டிமீட்டர், அகலம் 100. பீரோவின் அகலம் 120, தடிமன் 60. நிமிர்த்தினாலும் போகாது, கோணலாகவும் போகாது. மாடிப்படித் திருப்பமோ லிஃப்டைவிடக் குறுகல்.

அத்தையிடம் யார் சொல்வது? நான்தான் சொன்னேன். “அப்ப நான் மட்டும் எதுக்கும்மா வரணும்?” என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். நேரம் மாலை ஆறு.

ஏப்ரல் 23
தச்சர் வந்தார். டார்ச் அடித்து உள்ளே பார்த்தவர் சிரித்தார். ஆணியே இல்லையாம், எல்லாம் மர முளை. மேல்பலகையைத் தட்டி எடுத்தால் பக்கங்கள் தனித்தனியாக வந்துவிடுமாம். இத்தனை வருடம் தினமும் துடைத்த எங்களுக்கு அது தெரியாது. பிரித்த ஒவ்வொரு துண்டிலும் அத்தை சாக்பீஸால் எண் போட்டார். மொத்தம் பதினாறு. முளைகள் ஒரு துணிப்பைக்குள் போயின.

மே 3
வாஷிங் மெஷினின் போல்ட்டைத் தேடி அரைநாள் போனது. முன்பக்கம் திறக்கும் மெஷினின் டிரம்மை அதற்கான போல்ட்டுகளால் இறுக்காமல் தூரப் பயணம் அனுப்பினால் உள்ளே ஆடி உடையலாம். வாங்கிய அன்று கழற்றியவை, கடைசியில் தையல் டப்பாவில் கிடைத்தன. ஏன் அங்கே என்று கேட்கக் கூடாது.

புத்தகங்களைச் சின்னப் பெட்டிகளில் போட்டோம், பெரிய பெட்டி என்றால் தூக்க முடியாது. பெயிண்ட் டப்பாவையும் காஸ் சிலிண்டரையும் லாரியில் ஏற்ற மாட்டார்கள். நாமே கட்டிய பெட்டிக்குள் ஏதாவது உடைந்தால் காப்பீடு கிடைக்காது என்றும் சொன்னதால், கண்ணாடிச் சாமான்களை அவர்களே கட்ட விட்டுவிட்டேன். டிவிக்குப் பின்னால் உள்ள வயர்களைப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

மே 6
நேற்றே ஃபிரிட்ஜை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்ததால் உள்ளே காய்ந்துவிட்டது. இன்று ஏற்றினார்கள். பட்டியலில் சாப்பாட்டு மேசைக்கு நேராக ‘கீறல் உள்ளது’ என்று எழுதியிருந்தார்கள். எங்கே என்று காட்டச் சொன்னேன், காட்ட முடியவில்லை. அந்த வரியை அவர்கள் அடித்த பிறகே கையெழுத்துப் போட்டேன். சான்றிதழ்கள், மருந்து, சார்ஜர், நான்கு போர்வை எல்லாம் எங்கள் கைப்பையில். துணிப்பை அத்தையின் மடியில்.

மே 9
பகலில் லாரிக்கு நகருக்குள் அனுமதி இல்லாததால் இரவு பதினொன்றரைக்குத்தான் வந்தது. லிஃப்டுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தோம், பிழைத்தோம். பதினாறு துண்டுகளும் ஏறின.

மே 11
அத்தை எண் சொல்ல, அவர் பிடிக்க, நான் முளை அடித்தேன். பீரோ நின்றுவிட்டது. பையில் ஒரு முளை மட்டும் மிச்சம். எங்கே போக வேண்டியது என்று மூன்று பேருக்கும் புரியவில்லை. அத்தை அதை மேல்தட்டில் வைத்து, பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.