மூன்றாம் வகுப்பு, சாப்பாட்டுப் பாடம்

15.07.2024, திங்கள்

இன்று முதல் எங்கள் பள்ளியிலும் அரசின் காலை உணவுத் திட்டம். அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் போன வருடம் ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளான எங்களுக்கு இன்றுதான், காமராஜர் பிறந்தநாளில். ஷாமியானா, மைக், போட்டோ எல்லாம் முடிந்து பிள்ளைகள் தட்டில் உப்புமாவும் சாம்பாரும் விழ நேரமாகிவிட்டது. அப்புறம் கல்வி வளர்ச்சி நாள் பேச்சுப்போட்டி. பாடம் எங்கே நடத்த? இங்கிலீஷ் வகுப்பின் பிரேக்ஃபாஸ்ட், லஞ்ச், டின்னர் நாளைக்கு.

16.07.2024, செவ்வாய்

கைவசம் இருந்த பட அட்டைகளில் ரொட்டி, வெண்ணெய், கார்ன்ஃப்ளேக்ஸ், ஆரஞ்சு ஜூஸ். அப்படியே பீரோவுக்குப் போகட்டும் என்று, சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த உணவுப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதினேன். திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல். "ஆன் மண்டே வீ ஈட் உப்புமா." வழக்கமாக நடப்பதைச் சொல்லும் சிம்பிள் பிரசன்ட் சொல்லித்தர, வாராவாரம் மாறாமல் வருகிற ஒன்று வேண்டும். மற்ற வருடங்களில் "தி சன் ரைசஸ்" என்று சூரியனைக் கூப்பிடுவேன். இந்த வருடம் உப்புமாவே போதும். கிழமைப் பெயர்களும் கூடவே மனப்பாடமாகிவிட்டன.

18.07.2024, வியாழன்

நேற்று மொஹரம் லீவு. "பொங்கல் போச்சே டீச்சர்!" என்று வந்ததும் வராததுமாக ஒரே புலம்பல். இங்கிலீஷில் சொல்லுங்கள் என்றதும் பின்வரிசையிலிருந்து, "நோ ஸ்கூல், நோ பொங்கல்." வினைச்சொல் எங்கே என்று நான் கேட்கவில்லை. அந்த வாய் இதுவரை இங்கிலீஷுக்குத் திறந்ததே இல்லை.

டின்னரில் மட்டும் நிதானம் வேண்டும். "நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய்?" என்று ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்பது பயிற்சிக்கு வசதிதான், நான் கேட்பதில்லை. செங்கல் சூளைக்குப் போகிற வீடுகளில் சில ராத்திரி டீயும் பன்னும்தான். அதை நாலு பேர் முன்னால் சொல்ல வைத்து எனக்கு என்ன இலக்கணம் வேண்டிக்கிடக்கிறது? "வாட் டூ யூ லைக்?" என்று கேட்டேன். பரோட்டா, சிக்கன் ரைஸ், ஐஸ்கிரீம் என்று வகுப்பே மணத்தது.

மதியம் சத்துணவு வரிசைக்குப் போய் நின்றேன். "அன் எக், சம் ரைஸ், சம் சாம்பார்." முட்டை தலைக்கு ஒன்று, எண்ணித்தான் கொடுப்பார்கள். சோறு கரண்டிக் கணக்கு, சாம்பார் பசிக் கணக்கு. எண்ண முடிந்தது, எண்ண முடியாதது என்று வகுப்பில் நான் தொண்டை வறளச் சொல்வதை முட்டைத் தட்டு முடித்து வைத்தது. "சம் எக்" என்று கை நீட்டியவனை அவன் கூட்டாளியே, "அப்படிக் கேட்டா பாதிதான் கிடைக்கும்டா" என்று திருத்தினான். இலக்கணப்படி அது சரியும்கூட!

19.07.2024, வெள்ளி

பரிமாறுகிற அக்காவையும் சேர்த்துக்கொண்டேன். பிள்ளைகள் "எ லிட்டில் ரைஸ், ப்ளீஸ்" என்றால் கொஞ்சம், "எனஃப்" என்றால் கரண்டி நிற்க வேண்டும். "எனக்கெதுக்கு டீச்சர் இந்த வயசுல" என்று சிரித்தவர், உருளைக்கிழங்குப் பொரியல் கேட்டு முண்டியடித்ததும் தானாகவே "ஃபினிஷ், ஃபினிஷ், கோ" என்று விரட்டினார்.

காலை உணவிலும் இதைத் தொடரலாமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். வரிசை நகராது, முதல் மணி தள்ளிப்போகும் என்கிறார். அதுவும் நியாயம். மதியத்துக்கு மட்டும் சம்மதம் வாங்கியிருக்கிறேன், அதுவும் வாரத்தில் இரண்டு நாள்.