'றொஜர்' என்பது பதில் அல்ல: றேடியோப் பரீட்சையில் இரண்டாம் முறை கற்றது

கடந்த வியாழக்கிழமை பெறுபேறு வந்தது. தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்கான றேடியோத் தொடர்பாடல் பரீட்சையில் இரண்டாவது முறையில் சித்தியடைந்துவிட்டேன். முதல் முறை தவறியதை ஆரையம்பதியில் இருக்கும் வீட்டாரிடம் சொல்வதற்கு எனக்கு மூன்று நாட்கள் தேவைப்பட்டன. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தமிழ்மொழி மூலம் உயர்தரம் வரை படித்துவிட்டு, இரத்மலானைக்குப் பயிற்சிக்குச் செல்லும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எழுத்துகளை ஒலிக்கும் முறை, அழைப்புக்குறி, அனுமதியைத் திருப்பிச் சொல்லுதல் ஆகியவற்றை நீங்கள் எப்படியும் படித்திருப்பீர்கள். என்னை வீழ்த்தியது, அருகில் பறக்கும் வேறொரு விமானத்தைப் பற்றி வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்கு எப்படி அறிவிப்பது என்ற ஒரேயொரு பகுதிதான்.

நடந்தது இதுதான். கட்டுப்பாட்டாளராக இருந்த பரீட்சகர், "ட்ரபிக், டூ ஓ க்ளொக், ஃபைவ் மைல்ஸ், க்ரொசிங் றைட் டு லெஃப்ட்" என்றார்; அதாவது இரண்டு மணித் திசையில், ஐந்து மைல் தூரத்தில், வேறொரு விமானம் வலமிருந்து இடமாகக் கடக்கிறது. நான் "றொஜர்" என்றேன். அவர் சில விநாடிகள் காத்திருந்துவிட்டு அதே தகவலை மீண்டும் சொன்னார். என் குரல் தெளிவாகக் கேட்கவில்லை என்று நினைத்து, நானும் அதே சொல்லை இன்னும் உரத்துச் சொன்னேன்.

'றொஜர்' என்ற சொல்லுக்கு, நீங்கள் கடைசியாகச் சொன்னது முழுவதும் கிடைத்தது என்பதற்கு மேல் எந்தப் பொருளும் இல்லை. கட்டுப்பாட்டாளர் கேட்பதோ அந்த விமானம் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதை. தெரிந்தால் "ட்ரபிக் இன் சைட்"; தெரியாவிட்டால் "நெகட்டிவ் கான்டாக்ட்", மேகம் போன்ற காரணம் இருந்தால் அதையும் சேர்த்து; தேடிக்கொண்டிருந்தால் "லுக்கிங் அவுட்". மூன்றாவதை ஒரு தவணையாக மட்டுமே எண்ண வேண்டும். சிறிது நேரத்தில் அது முதலிரண்டில் ஒன்றாக மாறியே ஆக வேண்டும்.

இந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்று பல நாட்கள் யோசித்தேன். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் பேசும்போது இடையிடையே "ஓம்" என்று சொல்லிக்கொண்டிருப்பதுதான் மரியாதை. அந்த "ஓம்", கேட்கிறேன் என்றும் பொருள்படும், விளங்கியது என்றும் பொருள்படும், அப்படியே செய்கிறேன் என்றும் பொருள்படும்; எது என்பதை முகத்தைப் பார்த்து அறிந்துகொள்கிறோம். றேடியோவில் முகம் இல்லை. என் வாயிலிருந்து வந்த 'றொஜர்' உண்மையில் அந்த "ஓம்" தான். ஆங்கிலம் போதாமையால் தவறினேன் என்று சிலர் சொன்னதை நான் ஏற்கவில்லை. இந்த மூன்று பதில்களுக்கு எந்த ஆங்கிலப் புலமையும் வேண்டியதில்லை.

அதே பரீட்சையில் இரண்டாவது தவறும் இருந்தது, அதுவே பாரதூரமானது. வேறொரு விமானத்தைக் கண்டதாக அறிவித்துவிட்டேன். பின்னர் தரப்பட்ட சூழ்நிலை அட்டையில் அது மேகத்துக்குள் மறைந்துவிட்டது என்று எழுதியிருந்தது. நான் பேசாமல் இருந்தேன். ஏற்கனவே பதில் சொல்லியாயிற்று என்ற நினைப்பு.

1978 செப்டெம்பர் 25ஆம் திகதி அமெரிக்காவின் சான் டியேகோ நகருக்கு மேலே நடந்ததைப் படித்த பிறகுதான் அந்த மௌனத்தின் பொருள் எனக்குப் புரிந்தது. தரையிறங்க வந்துகொண்டிருந்த பிஎஸ்ஏ விமான நிறுவனத்தின் போயிங் 727 விமானத்துக்கு, முன்னால் ஒரு சிறிய செஸ்னா 172 பறப்பது அறிவிக்கப்பட்டது. விமானிகள் கண்டதாகச் சொன்னார்கள். பார்வையால் இடைவெளி பேணும் பொறுப்பு அந்தக் கணமே அவர்களிடம் வந்துவிட்டது. பிறகு செஸ்னா அவர்கள் கண்ணிலிருந்து மறைந்தது. அது தங்களைக் கடந்து போயிருக்கும் என்று விமானிகள் தமக்குள் ஊகித்தார்கள். கட்டுப்பாட்டாளருக்குச் சொன்னதும் அந்த ஊகத்தைத்தான். கண்ணிலிருந்து தவறவிட்டோம் என்று தெளிவாகச் சொல்லவில்லை. அவர்களுக்கு இன்னும் அது தெரிகிறது என்றே கட்டுப்பாட்டாளர் விளங்கிக்கொண்டார். செஸ்னா அவர்களுக்கு முன்னால், கீழே, இருந்தபடியே இருந்தது. இரண்டும் மோதி, தரையில் இருந்த 7 பேர் உட்பட 144 பேர் இறந்தார்கள். பார்வை இழந்ததை அறிவிக்காமை விசாரணையில் விபத்தின் காரணத்துள் சேர்க்கப்பட்டது. ஆகவே, என் அனுபவத்திலிருந்து ஒன்றையே எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: "இன் சைட்" என்று சொல்லிவிட்ட விமானம் மறைந்துவிட்டால், அதை உடனே, கேட்கப்படாமலே சொல்ல வேண்டும். "ட்ரபிக் நோ லோங்கர் இன் சைட்" என்ற எளிய வாக்கியம் போதும்.

மணிக்கூட்டுத் திசையை எல்லாரும் எளிது என்று கடந்துவிடுவார்கள். நேர் முன்னால் 12, வலப்பக்கம் 3, ஒரு மணிக்கு 30 பாகை என்பது சரிதான். ஆனால் றேடார் திரையில் தெரிவது உங்கள் விமானம் நகரும் பாதை. மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது அங்கே தெரியாது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படுவதற்கு முன்னர் அப்பப்பாவுடன் தோணியில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போயிருக்கிறேன். வாடைக் காற்று வீசும் நாட்களில் அவர் தோணியின் முனையை வடக்கே, காற்றுப் பக்கமாகத் திருப்பியே வலிப்பார். நாங்கள் போய்ச் சேரவேண்டிய துறை முனைக்கு இடப்பக்கமாகவே தெரிந்துகொண்டிருக்கும். விமானத்திலும் அதேதான். 90 நொட் வேகத்தில் பறக்கும்போது வலப்பக்கமிருந்து 23 நொட் காற்று வந்தால், மூக்கை ஏறத்தாழ 15 பாகை வலப்புறம் திருப்ப வேண்டியிருக்கும். அப்போது கட்டுப்பாட்டாளர் 12 மணி என்று சொல்வது உங்களுக்குப் பதினொன்றரையில் தெரியும். முதல் முறை நான் இதைக் கவனத்திலேயே எடுக்கவில்லை.

வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் மாமா ஒருவர் சொன்னதையும் சேர்க்கிறேன். இரவில் எதிரே தெரியும் படகின் வெளிச்சம் முன்னுக்கோ பின்னுக்கோ நகர்ந்தால் பயமில்லை. நெருங்கிவரும்போதும் ஒரே இடத்தில் நின்றால் உடனே சுக்கானைத் திருப்ப வேண்டும் என்பார். கண்ணாடியில் நகராமல் பெரிதாகிக்கொண்டே வரும் விமானம்தான் உங்களோடு மோதப்போவது. நகராத பொருளைக் கண் எளிதில் பிடிக்காது என்பதால், வானத்தை 10 பாகைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு விநாடி கண்ணை நிறுத்திப் பாருங்கள்.

கட்டுப்பாட்டாளர் சொல்லாத விமானத்தை நீங்களாகக் கண்டு அறிவிக்கும்போது:
- மணித் திசை, தூரம், உங்களைவிட மேலேயா கீழேயா, எப்பக்கம் நகர்கிறது.
- வகை தெரிந்தால் மட்டும் வகை. தெரியாததை ஊகித்துச் சொல்ல வேண்டாம்.
- நீங்கள் விலகித் திரும்பினால் அதையும் சொல்லுங்கள்.
- கருவித் திரையில் தெரிவது, கண்ணால் கண்டதாகாது.
- "டாலி ஹோ", "நோ ஜோய்" போன்ற படைத்துறை வழக்குகள் வேண்டாம்.

பயிற்சி விமானத்தில் 'டீகாஸ்' எனப்படும் மோதல் தவிர்ப்புக் கருவி இல்லாவிட்டாலும் அது பற்றிக் கேட்பார்கள். கருவி ஏறு அல்லது இறங்கு என்று கட்டளையிட்டால் (இக்கட்டளைதான் 'ஆர்ஏ') அதற்குப் பணிந்துகொண்டே "டீகாஸ் ஆர்ஏ" என்று மட்டும் சொல்ல வேண்டும், திசையைச் சேர்க்கக்கூடாது. கட்டுப்பாட்டாளரின் கட்டளை அதற்கு மாறாக வந்தால், "அனேபிள் (இயலாது), டீகாஸ் ஆர்ஏ". ஆபத்து நீங்கியதும், "க்ளியர் ஒஃப் கொன்ஃப்ளிக்ட்" என்று தொடங்கி, முந்தைய அனுமதிக்குத் திரும்புவதை அறிவிக்க வேண்டும். 2002 ஜூலை 1ஆம் திகதி ஜேர்மனியின் ஊபர்லிங்கனுக்கு மேலே இரு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தபோது, ஒரு விமானத்தின் கருவி ஏறச் சொல்லியிருக்க, விமானிகள் கட்டுப்பாட்டாளரின் சொல்லைக் கேட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். எதற்கு முதலிடம் என்ற கேள்வி வந்தால் இந்த நிகழ்வை நினைத்துக்கொள்ளுங்கள்.

விமானங்கள் மோதும் அளவுக்கு நெருங்கிவந்த நிலையை 'எயார்ப்ரொக்ஸ்' என்று அதே அலைவரிசையில் உடனே அறிவித்து, பின்னர் எழுத்திலும் கொடுக்க வேண்டும். அதன் நான்கு ஆபத்து வகைகளையும் மனனம் செய்யுங்கள். எனக்கு அது நேரடிக் கேள்வியாகவே வந்தது.

நான் மெதுவாக யோசிப்பவன் என்பதால், தனியே புத்தகம் படித்து எனக்குப் பயன் கிடைக்கவில்லை. இரண்டாம் முறைக்கு முன், மாலையில் வீட்டு முற்றத்தில் கண்ணை மூடி நிற்பேன். தம்பி ஒரு மணித் திசையைச் சொல்வான். கண்ணைத் திறந்து அத்திசையில் அவன் நினைத்த தென்னையையோ கம்பத்தையோ தேடி, ஐந்து விநாடிக்குள் மூன்று பதில்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும். "ஓம்" என்றோ "சரி" என்றோ வாய் தவறினால் முதலிலிருந்து தொடங்குவோம். வேகமாகப் பேசும் இயல்புள்ளவர்களுக்கு இது சலிப்பாக இருக்கலாம்.

இரண்டாம் முறையும் அதே போன்ற மேக அட்டை வந்தது. அட்டையைப் படித்து முடிக்கும் முன்பே பொத்தானை அழுத்தி, விமானத்தைத் தவறவிட்டுவிட்டேன் என்று சொன்னேன். பரீட்சகர் எனக்குப் புதிய திசையொன்றைக் கொடுத்தார். அதைத் திருப்பிச் சொன்னேன்.