ஹெல்மெட் முட்டும் சத்தம்

மோட்டார் சைக்கிளில் பின்னால் இருக்கும் மகளின் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் 'டொக்' என்று முட்டினால், அவள் நித்திரையாகிவிட்டாள் என்று அர்த்தம். போன தவணையில் வீட்டிலிருந்து கிரவுண்ட் போய்ச் சேருவதற்குள் எப்படியும் நாலு டொக் கேட்கும். ஒரு கையால் அவளுடைய கையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் ஓட்டுவேன் (செய்யக்கூடாத வேலைதான், தெரியும்).

பிள்ளைக்கு 15 வயது. 400 மீற்றர் ஓடுகிறாள். பிராக்டிஸ் 5.15க்கு, அதனால் 4.40க்கு எழும்ப வேண்டும். ஜனவரியில் இங்கே சூரியன் வர 6.20 ஆகிவிடும் என்பதால் பாதிப் பிராக்டிஸ் இருட்டிலேயே முடிந்துவிடும். பின்னேரம் வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் கச்சான் என்கிற சூட்டுக் காற்று வீசுகிற மாதங்களில் ஒரு நாள் திருகோணமலைக்கு வந்து பார்க்கட்டும். பள்ளிக்கூடம் விடுகிற 1.30க்கு மைதான மணல் சப்பாத்துக்குள்ளாலும் சுடும். வெயில் தணிகிற நேரத்துக்கு ரியூஷன் தொடங்கிவிடும். ஆகவே விடியப்புறம்தான், அதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

என் பிழை வேறு. காலையில் அவளோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். "நாங்கள் இந்த வயதில் கோழி கூவ முதல் எழும்பினோம்" என்ற வழக்கமான பல்லவி. அவளோ கட்டில் விளிம்பில் இருந்து கண்ணை மூடியபடியே சப்பாத்து லேஸ் கட்டுவாள், ஒரு நாள் இரண்டு வேறு நிறக் காலுறை. அப்புறம் ஒரு நாள் ஓடும்போது பின்தொடை பிடித்துக்கொண்டது. இரண்டு கிழமை வீட்டில் இருந்தாள். அந்த இரண்டு கிழமையில்தான் உட்கார்ந்து வாசித்தேன்.

பருவ வயதில் நித்திரையைக் கொண்டுவரும் மெலடோனின் என்ற ஹார்மோன் முன்பைவிட ஒன்றிரண்டு மணித்தியாலம் பிந்தித்தான் சுரக்கத் தொடங்குமாம். ஒன்பது மணிக்குப் படு என்றால் படுப்பாள், ஆனால் நித்திரை வராது. அது சோம்பலும் இல்லை, அடங்காமையும் இல்லை. 13 முதல் 18 வயதுவரை 8 தொடக்கம் 10 மணித்தியால நித்திரை வேண்டும் என்கிறார்கள். 2014இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், 8 மணித்தியாலத்துக்குக் குறைவாகத் தூங்கிய இளம் விளையாட்டு வீரர்களுக்குக் காயம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.7 மடங்கு. கலிபோர்னியாவில் 2022இலிருந்து உயர்நிலைப் பள்ளிகள் 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. எங்கள் மணி 7.30க்கு அடிக்கிறது, அதை நான் மாற்றப் போவதில்லை.

சரி, எங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ரியூஷன் விட எட்டு மணி, சாப்பாடு, வீட்டுவேலை, பிறகு போன், படுக்கப் பதினொன்று. 4.40 வரை 5 மணி 40 நிமிடம். காலையில் நான் கத்திக்கொண்டிருந்தது முதல் நாள் இரவே முடிந்துபோன ஒரு விஷயத்துக்கு!

பிராக்டிஸ் உள்ள மூன்று நாட்களுக்கும் முதல் நாள் மாலை ரியூஷனை நிறுத்திவிட்டோம். மனைவிக்கு இதில் துளியும் உடன்பாடில்லை, சாதாரண தரப் பரீட்சை வருகிறதே என்கிறாள், அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. போன் ஒன்பதரைக்குக் குசினி மேசைக்கு வந்துவிடும், என்னுடையதும்தான், அது மகள் போட்ட நிபந்தனை. பள்ளியால் வந்ததும் அரை மணித்தியாலம் படுக்கிறாள். ஞாயிறு பதினொரு மணிவரை தூங்கினால் அன்று இரவு கொட்டக்கொட்ட விழித்திருக்கிறாள் என்பதால் இப்போது எட்டரைக்கு எழுப்புகிறேன், இதற்கு மட்டும் இன்னும் திட்டு வாங்குகிறேன். போகுமுன் ஒரு கதலிப்பழம், கொஞ்சம் தேத்தண்ணி. வந்து குளித்து, ஈரத்தலையிலேயே இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு ஓடுவாள். முதல் பாடம் முடியுமட்டும் சட்டை முதுகு நனைந்தே இருக்குமாம்.

நேற்றுக் கடற்கரைப் பக்கத்தால் போகும்போது ரோட்டை மறித்து மான்கள் நின்றன. வண்டியை நிறுத்தினேன். "அப்பா, அந்தக் குட்டிக்கு ஒரு காது கிழிஞ்சிருக்கு" என்றாள் பின்னாலிருந்து. எனக்குத் தெரியவேயில்லை, அவள் காட்டிய பிறகுதான் பார்த்தேன்.