உப்புத்தாள் எழுத்தும் மூன்று படிப் பாடமும்

மாற்றுக் கல்வி என்றதும் பலர் தத்துவத்தில் இறங்கிவிடுகிறார்கள். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை ஒட்டி, குழந்தை விரலால் தடவிப் பழகும் ஒரு எழுத்து அட்டை செய்து பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

மென்மையான ரக உப்புத்தாள் போதும். சொரசொரப்பு அதிகமானால் விரல் எரியும், குழந்தை அட்டையைத் தள்ளிவிடும். எழுத்து சுமார் 10 செ.மீ. உயரம், கோடு ஒரு செ.மீ. அகலம். தாளின் பின்பக்கம் வரைந்தால் கண்ணாடி பிம்பமாக, திருப்பித்தான் வரைய வேண்டும். இதை மறந்து முழுத் தாளையும் வீணாக்காதவர்கள் குறைவு! எழுத்தை வெட்டியெடுத்து வழவழப்பான அட்டையில் ஒட்டுங்கள். இடக்கை பிடித்துக்கொள்ள ஓரத்தில் இடம் விடுங்கள்.

1907இல் ரோமில் தன் முதல் பள்ளியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, இந்த அட்டையைக் கொண்டு மூன்று படிகளில் பாடம் சொல்லும் முறையை, அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளுக்குக் கற்பித்த பிரெஞ்சு மருத்துவர் எதுவார் செகானிடமிருந்து எடுத்துக்கொண்டார். முதல் படி, எழுதும் திசையிலேயே இரு விரலால் தடவி ஒலியைச் சொல்வது: "இது க." இரண்டாவது, "க எங்கே? ப-வை என்னிடம் கொடு." மூன்றாவது, "இது என்ன?"

சறுக்குவது பெரும்பாலும் இரண்டாம் படியில்தான். அதை அரை நிமிடத்தில் முடித்துவிட்டு "இது என்ன?" என்று கேட்டால் குழந்தை முழிக்கும். அட்டைகளை இடம் மாற்றி, ஒளித்து, மறுபடி மறுபடி கேட்க வேண்டிய இடம் அது. தவறாக எடுத்தால் திருத்தாதீர்கள். அட்டையை மூடிவைத்து மறுநாள் முதல் படியிலிருந்து வாருங்கள்.

ஒரு முறைக்கு இரண்டு, மூன்று எழுத்துகள் போதும். ட, ப இரண்டையும் சேர்த்து மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.