கையெழுத்து பொருந்தவில்லை

மார்ச் 3, செவ்வாய்

வங்கியில் கொடுத்த படிவம் திரும்பி வந்துவிட்டது. கையெழுத்து பொருந்தவில்லையாம். கவுன்ட்டரில் இருந்தவர் பழைய கையெழுத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். வலப்பக்கம் சாய்ந்து, கடைசி எழுத்துக்கு அடியில் ஒரு கோடு இழுத்த கையெழுத்து. படிவத்தில் இருந்ததோ குண்டு குண்டாக, நிமிர்ந்து, கோடு கீடு எதுவும் இல்லாமல். இரண்டையும் போட்டது இதே கைதான். "அவசரத்துல போட்டிருப்பேன் சார்" என்று சமாளித்துவிட்டு வந்தேன்.

கணக்குத் தொடங்கியது, இந்த ஒரே உடம்பில் இருக்கும் எங்களில் ஒருவரான கணக்குப்பிள்ளை. படிவம், கெடு, பணம் எல்லாம் அவர் பொறுப்பு. கொஞ்சம் வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள் என்று கூப்பிட முடிந்தால் எவ்வளவு வசதி! சினிமாவில் அப்படித்தான் வருகிறார்கள். தலையை ஓர் ஆட்டு ஆட்டினால் குரல் மாறி, கண் சிவந்து, வேறு ஆள். எங்களிடம் கூப்பிட்டால் யாரும் வருவதில்லை. வரும்போது பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குக்கூடப் பெரும்பாலும் தெரிவதில்லை.

எல்லோருக்கும் பொதுவாக ஒரு கையெழுத்தை முடிவு செய்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பழகிக்கொள்ளவும்.

மார்ச் 7, சனி

நோட்டு என்பது சாதாரணக் கோடு போட்ட நோட்டுதான். யார் வெளியே இருந்தாலும் என்ன செய்தோம், யாரிடம் என்ன ஒப்புக்கொண்டோம், என்ன வாங்கினோம் என்று அதில் எழுத வேண்டும். நீல மை என்னுடையது. கறுப்பு கணக்குப்பிள்ளையுடையது. பென்சில் சின்னவள், அவள் எழுதுவதைவிட வரைவதுதான் அதிகம். இன்னொருவர் எழுதுவதே இல்லை. ஆனால் படிக்கிறார், ஏனென்றால் சில வரிகள் அடிக்கப்பட்டிருக்கின்றன.

எனக்கு இருப்பதன் பெயர் விலகல் அடையாளக் கோளாறு. பன்முக ஆளுமை என்று 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடான டிஎஸ்எம்மில் ஏறியது, 1994-ல் இந்தப் பெயருக்கு மாறியது. பெரும்பாலும் சின்ன வயதில், திரும்பத் திரும்ப, தாங்க முடியாதது நடந்தவர்களுக்கு வருகிறது. குழந்தைக்கு 'நான்' என்பது பிறக்கும்போதே முழுசாக இருப்பதில்லை. வளர வளரத்தான் ஒன்றுசேரும். அந்த வயதில் சேர விடாமல் செய்தால், நினைவும் உணர்ச்சியும் தனித்தனி அறைகளில் வளர்கின்றன. ஒரு முழு ஆள் உடைந்து நாலாகிவிட்டார் என்று சொல்வதைவிட இந்த விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. சின்ன வயதைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுதுவதில்லை. உள்ளே பேசிப் போட்ட நிபந்தனை.

2013-ல் வந்த டிஎஸ்எம்-5 ஒரு நல்ல காரியம் செய்தது. பெரிய அதிர்ச்சிகளை மறப்பது மட்டுமல்ல, அன்றாட விஷயங்கள் விட்டுப்போவதும் இதன் அறிகுறி என்று தெளிவாகவே எழுதியது. என் வாழ்க்கையைக் கெடுப்பது அதுதான். பேய்ப்படக் காட்சி எதுவும் இல்லை. புதன்கிழமை மத்தியானம் காணாமல் போகிறது, அவ்வளவுதான்.

மார்ச் 12, வியாழன்

"நேத்து நீங்கதானே சரின்னு சொன்னீங்க?"

அலுவலகத்தில் இந்தக் கேள்விக்கு முகம் மாறாமல் பதில் சொல்வதில் எனக்குப் பல வருடப் பயிற்சி. "ஆமா, ஆனா நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்கன்னு ஒரு தடவை சொல்லுங்களேன்." எதிராளியே முழுக் கதையையும் சொல்லிவிடுவார். நான் சரி என்று சொன்னது மூன்று வாரத்தில் முடிக்க வேண்டிய ஒரு வேலை என்பதும் அப்படித்தான் தெரிந்தது. மெயிலில் தேடினால் கச்சிதமான நான்கு வரியில் ஒப்புதல் போயிருக்கிறது, 'அன்புடன்' கூட இல்லாமல். கணக்குப்பிள்ளை பாணி.

நான் சொல்லவில்லை என்று வாதாட முடியாது. இந்த உடம்பு எங்கே என்ன ஒப்புக்கொண்டாலும் எல்லோருக்கும் பொறுப்பு உண்டு என்பது எங்கள் முதல் விதி. நியாயமான விதிதான். வேலையைச் செய்வது நான் என்பதுதான் கொஞ்சம் இடிக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

இன்று எழுதுவது வேறு ஆள். கணக்குப்பிள்ளை என்ற பெயர் எனக்குப் பிடிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வங்கிக்கு நானே போய்ப் புதுப் படிவம் கொடுத்துவிட்டேன், பழைய கையெழுத்தோடு. பொதுக் கையெழுத்தை நான் ஏற்கவில்லை. மூன்று வாரம் போதும் என்று கணக்குப் போட்டுத்தான் ஒப்புக்கொண்டேன். ரசீது நோட்டின் பின் உறையில் இருக்கிறது.

மார்ச் 19, வியாழன்

டாக்டரைப் பார்க்கும் நாள். முதன்முதலில் அவர் கொடுத்த கேள்வித்தாள் ஞாபகம் வந்தது: 1986-ல் வெளியான 28 கேள்விகள். வாங்கிய நினைவே இல்லாத பொருள் உங்களிடம் இருப்பதைப் பார்த்ததுண்டா, ஓரிடத்தில் இருக்கிறீர்கள் ஆனால் எப்படி வந்தீர்கள் என்று தெரியாமல் போனதுண்டா என்று கேட்டு, எத்தனை சதவீத நேரம் என்று குறிக்கச் சொல்வார்கள். அதுவரை இதெல்லாம் எல்லோருக்கும் நடப்பது, மற்றவர்கள் திறமையாகச் சமாளிக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். மதிப்பெண் கூடினால் மட்டும் நோய் உறுதியாகிவிடாது, நேர்காணல் வேண்டும். அதற்கு முன்னால் வேறொரு இடத்தில் குரல் கேட்கிறது என்று சொன்னதும் மனச்சிதைவு என்று எழுதி மாத்திரை கொடுத்திருந்தார்கள். எனக்கு ஏறியது எடைதான். இந்தக் கோளாறுக்கென்று தனி மாத்திரை கிடையாது. தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுப்பார்கள். மற்றபடி பேச்சு சிகிச்சைதான், அதுவும் வருடக்கணக்கில்.

முதலில் பாதுகாப்பும் நிதானமும், அப்புறம்தான் பழைய நினைவுகள், அதற்கும் அப்புறம் ஒன்றுசேர்வது. நாங்கள் முதல் கட்டத்திலேயே இருக்கிறோம். "மத்தவங்க எப்ப போவாங்க?" என்று அக்கா ஒருமுறை டாக்டரிடம் கேட்டாள். யாரும் போகமாட்டார்கள், நடுவே உள்ள சுவர் மெலியும் என்றார். முழுசாக ஒன்றுசேராமல், ஒத்துப்போய் வாழ்பவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்களாம். அன்று ராத்திரி உள்ளே எல்லோருமே நன்றாகத் தூங்கினோம்.

மார்ச் 22, ஞாயிறு

மத்தியானம் ஒரு போன். பழைய உறவினர் குரல். பேச்சு தூரத்திலிருந்து கேட்பதுபோல் ஆனது, கண்ணுக்குப் பின்னால் வலித்தது. பிறகு நடந்தது பாதி எனக்கே தெரிந்தது, மீதி அக்கா சொன்னது.

சின்னவள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தாள். அக்கா 'நீ யாரு' என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வி எங்கள் எல்லோரையுமே பயமுறுத்தும். தொடாமல் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்து, "உனக்கு இப்ப என்ன வேணும்?" என்றாள். பதில் இல்லை. "உன் கையைப் பாரேன்" என்றாள். சின்னவள் பார்த்தாள். பெரிய கை. நரம்பு தெரிகிற, மோதிரம் போட்ட, வளர்ந்த ஆளின் கை. அக்கா இன்றைய தேதியையும் வருடத்தையும் சொன்னாள். "இந்த வீட்டுக் கதவு உள்பக்கம் பூட்டும். சாவி நம்மகிட்டதான் இருக்கு." சின்னவள் எழுந்து போய்ப் பூட்டை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தாளாம்.

நான் வந்தபோது மணி ஆறரை. அந்த எண்ணை யாரோ பிளாக் செய்திருந்தார்கள். யார் என்று நான் விசாரிக்கவில்லை.

மார்ச் 25, புதன்

காலையில் விரல் முழுக்கப் பென்சில் கரி. சின்னவள் ராத்திரி இரண்டு மணிவரை வரைந்திருக்கிறாள் போல. வரையட்டும். ஆனால் தூக்கம் குறைந்தால் நேரம் விட்டுப்போவது கூடுகிறது, அலுவலகத்தில் உளறுவது நான். நோட்டில் எழுதி வைத்தேன்: பத்து மணிக்கு விளக்கணைக்க வேண்டும், அதற்கு முன் தினமும் ஒரு மணி நேரம் வரையலாம், யாரும் குறுக்கே வரமாட்டோம்.

சாயங்காலம் பார்த்தால் 'பத்து' அடித்து 'பதினொன்று' ஆகியிருக்கிறது, கறுப்பு மையில். சின்னவளுக்காகக் கணக்குப்பிள்ளை பேரம் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நாளைக்கு ஒன்பது மணிக்கே மீட்டிங். அதனால் இன்றைக்கு பத்துதான். பதினொன்றைப் பற்றி டாக்டர் முன்னால் பேசிக்கொள்ளலாம்.