சோலார் வரட்டும், வரத்துக்காலை விட்டுவிட்டு வரட்டும்

எனக்குச் சொந்த ஊர் கமுதிக்குப் பக்கம். வேலை பார்த்தது நீலகிரியில், குந்தா நீர்மின் நிலையங்களில். அதனால் சோலாரா, அணையா, எது மண்ணைக் குறைவாகக் கெடுக்கும் என்று பேச்சு வந்தால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. நான் சோலார் பக்கம்தான். ஆனால் எங்கள் பக்கம் சில இடங்களில் அதைப் போடுகிற விதம் எனக்குச் சம்மதமில்லை.

அணையில் எடுக்கும் மின்சாரத்தில் புகை கிடையாது, சரி. ஆனால் அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி என்று இன்று தண்ணீர் நிற்கிற இடமெல்லாம் ஒரு காலத்தில் புல்வெளியும் சோலைக்காடும். மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்து, கோடையில் ஓடைகளுக்கு விடுகிற நிலம் அது. நீர்மட்டம் இறங்கும்போது கரையைப் பார்த்தால் செம்மண் மட்டும் படிப்படியாகத் தெரியும், ஒரு புல் இருக்காது. மூழ்கிய மரமும் செடியும் அடியில் அழுகி மீத்தேனை வேறு விடும். மேட்டூரை நான் குறை சொல்ல மாட்டேன், அது டெல்டாவின் பாசனத்துக்காகக் கட்டியது. மின்சாரத்துக்காக மட்டும் இன்னொரு பள்ளத்தாக்கை மூழ்கடிக்கவே கூடாது. கேரளத்தில் 120 மெகாவாட்டுக்காக சைலண்ட் வேலி காடு போயிருக்கும். மக்கள் விடாமல் எதிர்த்ததால் அது 1984-இல் தேசியப் பூங்கா ஆனது.

இங்கே கமுதியில் 2016-இல் வந்த சோலார் நிலையம் 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர். தகட்டைக் கழற்றினால் அடியில் நிலம் இருக்கும், அணையில் அது நடக்காது. நான் சோலார் பக்கம் நிற்க இதுதான் முதல் காரணம்.

ஆனால் காகிதத்தில் 'தரிசு' என்று எழுதுகிற நிலத்தில்தான் எங்கள் ஆடுகள் மேய்கின்றன. சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். ராமநாதபுரத்தில் ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு சின்ன சோலார் பண்ணைக்குப் பாதை போட, கண்மாய்க்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் கிராவலைக் கொட்டி அடியில் ஒரே ஒரு சிமெண்டுக் குழாயைப் பதித்தார்கள். குழாயின் வாயில் கருவேல முள்ளும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொண்டன. ஐப்பசி மழையில் மேல்பக்கம் தண்ணீர் தேங்கி மிளகாய் நாற்று அழுகியது. கீழே கண்மாயில் ஆடு குடிக்கக்கூட இல்லை. "தகடு போடட்டும்ப்பா, தண்ணி போற வழியில ஏன் போடணும்?" என்றார் சித்தப்பா. என்ன பதில் சொல்வது?

ராத்திரிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனைமலையில் காடம்பாறை நிலையம் இருக்கிறது, 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழே இருக்கிற 'மேல் ஆழியாறு' அணையிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவை கூடும்போது இறக்கி மின்சாரம் எடுக்கலாம். ஏற்கெனவே இருக்கிற அணைகளைப் பகல் வெயிலின் கரண்டைச் சேமிக்க இப்படிப் பயன்படுத்தினால், புதிதாக எந்தக் காட்டையும் மூழ்கடிக்க வேண்டியதில்லை.

அடுத்த கிராமசபையில் நாங்கள் மனு கொடுக்கிறோம். நிலத்தை அளந்து வரைந்த புலப்படத்தில் இருக்கிற எந்த வரத்துக்காலும் வேலிக்குள் போகக் கூடாது, பாதை குறுக்கே போனால் குழாய் அல்ல, பாலம்தான் கட்ட வேண்டும், ஆடு போக ஒரு தடம் விட வேண்டும். இந்த மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.